சட்டை மாட்டிய கதவு

ஜனவரி 12

பட்டாசுக்கு,

அண்ணி எழுதுகிறேன். உன் அண்ணன் உன்னைக் கூப்பிட்ட பெயரையே எழுதிவிட்டேன், வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ நலமா என்று கேட்கவும் இல்லை.

போன் பண்ணாதே. நீ பண்ணும்போதெல்லாம் எடுக்காமல் விட்டது கோபத்தால் மட்டும் இல்லை. ஒருமுறை எடுத்தேன். நீ "அண்ணி"ன்னு சொல்லுமுன் தொண்டையைச் செருமினாய். அது அவர் செருமுகிற மாதிரியே இருந்தது. வைத்துவிட்டேன். அன்று முழுக்க வேலை ஓடவில்லை. அதனால் எழுது. என் எழுத்து கோணலாக இருக்கும், ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து அப்படித்தான். நீ பத்தாவது வரை போனவள், படித்துக்கொள்வாய்.

விஷயம் இதுதான். வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். வாசலிலேயே நின்று பேசினார், இன்னும் பழைய பயம் போகவில்லை போல. "ஜன்னல் இல்லாத ரூமை இனிமே வாடகைக்கு விடக் கூடாதும்மா. வியாதி வந்ததுக்கப்புறம் புதுச் சட்டம் போட்டிருக்காங்க. உன் ரூமையும் பக்கத்து ரூமையும் ஒண்ணாக்கப் போறேன். நடுக்கதவை எடுத்துட்டா ஒரே வீடு." நான் எங்கே போவது என்று கேட்டேன். "நீயே ரெண்டையும் எடுத்துக்கயேன்" என்றார். ஒற்றை ஆள் சம்பளத்தில் அது நடக்காது என்று அவருக்கும் தெரியும். "கூட யாராவது குடும்பம் இருந்தா கூட்டிட்டு வா, உனக்கே தரேன். இல்லேன்னா வேற ஆள் வருது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேறு ஆள் வருகிறதாம். வியாதிக்குப் பயந்து இந்தத் தெருவையே காலி பண்ணிக்கொண்டு ஓடினவர்கள் இப்போது திரும்பி வருகிறார்கள். ஓட வழியில்லாமல் இங்கேயே கிடந்தவர்களைக் கிளம்பு என்கிறார்கள்.

நீங்கள் காலி பண்ணிப் போனதிலிருந்து அந்தப் பக்கத்து அறைக்கு யாரும் குடிவரவில்லை. உன் இரும்புக் கட்டிலும் கண்ணாடி பதித்த பீரோவும் அங்கேயே இருக்கின்றன. வந்து எடுத்துப் போ. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

கட்டிலை நகர்த்தும்போது அந்தக் கதவைப் பார்ப்பாய். உன் பக்கம் நீ அடித்த ஆணி இரண்டும் அப்படியே இருக்கின்றன. நான் தொடவில்லை.

அண்ணி

*

ஜனவரி 21

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இவர்தான் கொண்டுவந்தார். வக்கீலைக் காரில் வாரம் ஒருநாள் கோர்ட்டுக்குக் கூட்டிவரும்போது கீழே வாட்ச்மேனிடம் விசாரிப்பாராம், அண்ணி எப்படி இருக்காங்க என்று. எனக்கே தெரியாது. மாடி ஏற மட்டும் தைரியம் இல்லையாம். கார் ஓட்டுகிற கால் மூன்று மாடிக்கு நடுங்குகிறது. இந்தப் பதிலையும் அவரே வாட்ச்மேனிடம் தருவார்.

கட்டிலையும் பீரோவையும் எடுத்து எங்கே வைப்பேன்? இங்கே எங்களுக்கு இருப்பது கார் நிறுத்துகிற கொட்டகைக்குப் பின்னால் ஒரு அறை. ஜன்னல் கேட்டீர்களானால் மூன்று இருக்கிறது. காற்றுக்கு மட்டும் குறைச்சல் இல்லை, துணி காயப் போட்டால் அடுத்த ஊரில் போய்ப் பொறுக்க வேண்டும். வக்கீல் குடும்பம் நகரத்தில் மூச்சு முட்டுது என்று இங்கே வந்தார்கள் இல்லையா, அவர்கள் மூச்சு விடுகிறார்கள். நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கிறோம். ஒரு தீப்பெட்டி வேண்டுமென்றால்கூட பெரிய ரோடு வரை நடை. சுற்றி எல்லாமே புது வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவர், ஒரு கேட், ஒரு நாய். மனுஷ முகம் கேட்டுக்கு வெளியே வருவதில்லை.

சின்னது பள்ளிக்கூடத்தில் யாருடனும் பேசுவதில்லை. டீச்சர் கூப்பிட்டு, "வீட்டுல பேசுவாளா?" என்று கேட்டார்கள். "பேசுவா டீச்சர், காதுல பஞ்சு வச்சுக்கணும்" என்றேன். உண்மையில் வீட்டிலும் பேசுவது குறைந்துவிட்டது. ராத்திரி தூக்கத்தில் சுவரைக் காலால் தள்ளுகிறது. அங்கே உங்கள் அறைக்குள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவருமே, அந்தப் பழக்கம்.

அண்ணி, இடமில்லையென்றால் இங்கே வந்துவிடுங்கள். நான்கு பேர் படுக்கலாம், கொஞ்சம் காலை மடக்கினால். வக்கீலம்மாவிடம் கேட்கிறேன்.

கதவைப் பற்றி நான் ஒன்றும் பேசமாட்டேன். நீங்கள் எத்தனை கடிதத்தில் எழுதினாலும் பேசமாட்டேன்.

பட்டாசு

(அந்தப் பெயரை எழுதினதுக்கு நன்றி. இங்கே என்னை எல்லோரும் "சமையக்காரம்மா" என்கிறார்கள்.)

*

பிப்ரவரி 4

பட்டாசுக்கு,

காலை மடக்கிப் படுக்கக் கூப்பிட்டாய். அதற்கு நன்றி. வரமாட்டேன். என் வேலை இங்கே இருக்கிறது, இருக்கிறவரை.

அந்த வேலையும் ஆட்டம் காண்கிறது. எதிரே நான் கூட்டிப் பெருக்குகிற ஆபீஸ் கட்டடம் உனக்குத் தெரியும். வியாதி வந்தபோது எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு என்னை மட்டும் வரச் சொன்னார்கள். ஆள் இல்லாத மேசைகளைத் துடைத்தேன். ஒரு மேசையில் கடித்து வைத்த பென்சில், ஒரு நாற்காலியில் மாட்டிவிட்டுப் போன ஸ்வெட்டர். தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நானாக ஊற்றினேன். உன் அண்ணன் போன பிறகு ஊற்றவில்லை. காய்ந்துவிட்டன. யாரும் கேட்கவில்லை.

அவர்கள் திரும்பி வரவே இல்லை. வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொள்கிறார்களாம். இப்போது மேசைகளை எல்லாம் இறக்கிவிட்டு ஒவ்வொரு மாடியையும் வீடு வீடாகத் தடுக்கிறார்கள். நான் ஜெராக்ஸ் மெஷினுக்கடியில் பெருக்கின இடத்தில் சமையல் மேடை வருகிறது. மேஸ்திரியிடம், "இதுல ஒரு ரூம் எனக்குத் தருவீங்களா?" என்று சும்மா கேட்டேன். "எந்த மாடி வேணும் மகாராணிக்கு?" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் எனக்குச் சிரிப்பை நிறுத்தச் சிரமமாக இருந்தது.

வீடு தேடினேன். பக்கத்துத் தெருக்களில் ஒன்றும் இல்லை. ஒரு வீட்டில், "தனியாவா இருப்பீங்க? வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். "எதுல போனார்?" என்றார்கள். சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஒரு அடி பின்னால் போனாள் அந்த அம்மா. இவ்வளவு காலம் கழித்தும்.

நீ பேசமாட்டேன் என்கிறாய். நான் பேசுகிறேன். எனக்குப் பேச வேறு ஆள் இல்லை.

அவருக்கு வியாதி எங்கே ஒட்டியது என்று நான் யாரையும் கேட்கவில்லை. ஊரெல்லாம் வீட்டுக்குள் இருந்தபோது அவர் ஆஸ்பத்திரி லிப்டுகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். லிப்டு நின்றால் நோயாளி செத்துப்போவான் என்பார். அந்தப் பெட்டிக்குள் நின்று வேலை செய்தவர் மேல் ஒட்டாமல் வேறு யார் மேல் ஒட்டும்? அதில் எனக்குக் கோபம் இல்லை.

எனக்கு ஆறாதது ஒன்றுதான். என் அறைக்குக் காற்று வந்தது உன் ஜன்னலிலிருந்து. அந்த நடுக்கதவு வழியாகத்தான் வந்தது. தாழ்ப்பாள்கூட இல்லாத கதவு. வாடகை இரண்டு பேருக்கும் தனித்தனி என்றாலும் ஒரு நாளும் நாம் அதைச் சாத்தியதில்லை. அன்று அவருக்கு மருந்து வாங்க வரிசையில் நின்றுவிட்டு வருகிறேன், கதவு சாத்தியிருக்கிறது. இழுத்தேன், அசையவில்லை. கீழ்வீட்டு அம்மா சொல்கிறாள், "ஆணி அடிக்கிற சத்தம் கேட்டுச்சு, உன் நாத்தனார்தான்." நான் கத்தினேன் இல்லையா, "திறடி! உன் அண்ணன்டி அவரு!" நீ அந்தப் பக்கம் நின்று, "திறக்க முடியாது அண்ணி"ன்னு ஒரே வார்த்தை. அழக்கூட இல்லை.

அதற்குப் பிறகு அவர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். தலையை இந்தப் பக்கம் திருப்பி வைத்தால் மறுபடி அங்கேயே போகும். தங்கச்சி திறப்பாளா என்று பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். அட்டையால் விசிறினேன். கை ஓய்ந்துவிட்டது. கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டர் கேட்ட ஒரே கேள்வி, "காத்தோட்டம் இல்லாத ரூமா?"

இப்போது அந்தக் கதவின் மேல் அவர் சட்டைகள் தொங்குகின்றன. அவரே மாட்டினது. அன்றைக்கு நான் மருந்தோடு வந்தபோது, கொடியில் கிடந்த மூன்று சட்டையும் கதவில் ஆணியில் தொங்கின. எழுந்து நடமாடியிருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சாத்தின கதவைப் பார்க்கப் பிடிக்காமல் சட்டையால் மறைத்திருக்கிறார் என்று பிறகுதான் தோன்றியது. நான் அவற்றை எடுக்கவில்லை. மாட்டியபடியே தூசி தட்டுவேன்.

உன் பீரோவை என்ன செய்ய?

அண்ணி

*

பிப்ரவரி 18

அண்ணிக்கு,

பீரோவை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். இவர், "எழுதிடு, வேற யார்கிட்ட சொல்லப் போறே?" என்கிறார்.

வக்கீல் குடும்பம் நகரத்துக்குத் திரும்புகிறது. மகனுக்கு வேலை அங்கே, மருமகளுக்கு இந்த நிசப்தம் பிடிக்கவில்லையாம், வக்கீலுக்கு முழங்கால் வலி, ஆஸ்பத்திரி தூரம். எங்கே வாங்கியிருக்கிறார்கள் தெரியுமா? நீங்கள் பெருக்குகிற அதே கட்டடத்தில், ஐந்தாம் மாடி. ஜெராக்ஸ் மெஷின் இருந்த இடத்தில் நான்தான் சமைக்கப் போகிறேன் போலிருக்கிறது. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வக்கீலம்மா, "என்னடி சிரிக்கிற?" என்றார்கள். "சந்தோஷம்மா" என்றேன்.

அந்த வீட்டில் எங்களுக்கு இடம் கிடையாது. "நீங்க பக்கத்துல எங்கயாவது பாத்துக்குங்க, காலையில வந்துடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் எங்கேயாவது! கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி சொல்கிறார்கள். இந்தக் கொட்டகையையும் வீட்டோடு விற்கிறார்கள். மார்ச் பாதிக்குள் காலி பண்ண வேண்டும்.

அவர்கள் போனபோது பின்னாலேயே போனோம். அவர்கள் வரும்போது பின்னாலேயே வருகிறோம். அவர்கள் வீட்டு நாய்க்குட்டிக்காவது காரில் ஒரு இடம் கொடுத்தார்கள்.

நான் எதுவும் கேட்கவில்லை அண்ணி. கேட்க எனக்கு வாய் இல்லை. சின்னது மட்டும் கேட்டது, "அத்தை வீட்டுக்கா போறோம்?" என்று. இல்லை என்றேன். ஏன் என்றது. சீப்பை எடுத்து அதற்குத் தலை வார ஆரம்பித்தேன்.

வீட்டுக்காரர் அந்த இரண்டு அறையையும் யாருக்கு விடப் போகிறார் என்று ஏதாவது தெரிந்ததா?

பட்டாசு

*

பிப்ரவரி 25

பட்டாசுக்கு,

இப்போது அறை ஞாபகம் வருகிறது.

அவர் போனதும் ஒரு வாரம்கூட இருக்கமுடியவில்லை உனக்கு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வக்கீல் பின்னால் போய்விட்டாய். நான் இந்தப் பக்கம் காய்ச்சலோடு கிடந்தேன். எனக்கும்தான் வந்தது, லேசாக. தண்ணீர் வைக்க ஆள் இல்லை. கீழ்வீட்டு அம்மா மாடி ஏறி வாசலில் வைத்துவிட்டுப் போனாள், யாரோ ஒரு அந்நியப் பெண். உங்கள் பக்கம் தட்டுமுட்டுச் சாமான் இறங்குகிற சத்தத்தைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக் கேட்டேன்.

இப்போது கேட்கமாட்டேன் கேட்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே கேட்கிறாய். குழந்தையை முன்னால் நிறுத்துகிறாய்.

முடியாது. நான் தெருவில் நின்றாலும் நிற்பேன். உன்னோடு ஒரே வீட்டில் அந்தக் கதவைத் தாண்டித் தாண்டி நடக்க என்னால் முடியாது.

வீட்டுக்காரர் தச்சரை அனுப்புகிறாராம். எடுக்கட்டும். நானும் பெட்டியைக் கட்டுகிறேன்.

இனி எழுதாதே.

*

மார்ச் 11

பட்டாசுக்கு,

எழுதாதே என்றேன், நானே எழுதுகிறேன். இதற்கு மட்டும் பதில் போடு.

இன்று தச்சர் வந்தார். வயதானவர், வாய் ஓயாதவர். "சட்டைய எடுங்கம்மா, கதவைக் கழட்டணும்" என்றார். எனக்குக் கை வரவில்லை. அவரே எடுத்துப் பாயில் வைத்தார், மடிக்காமல், மெதுவாக. அவருக்கும் யாரோ போயிருக்க வேண்டும்.

அப்புறம் அந்தப் பக்கம் போய் உன் ஆணிகளைப் பிடுங்கினார். பிடுங்கினார் என்று சொல்வதே தப்பு. விரலால் இழுத்தார், வந்துவிட்டது. "இது என்னம்மா ஆணி? வளைஞ்சு போயி பலகையிலேயே நிக்குது, சட்டத்துக்குள்ள இறங்கவே இல்ல. எந்தக் குழந்தை அடிச்சது?" என்று சிரித்தார். சரி, கதவு திறக்கும் என்று நான் இழுத்தேன். திறக்கவில்லை. பழையபடி அசையாமல் நின்றது.

அவர் இந்தப் பக்கம் வந்தார். சட்டை தொங்கின மூன்று ஆணியையும் தடவிப் பார்த்தார். "ம்... இதுதான்" என்றார். "சட்டை மாட்ட அடிச்ச ஆணி இல்லம்மா இது. நீளமான ஆணி. சாய்ச்சு அடிச்சு, பலகை வழியா நிலைச்சட்டத்துக்குள்ள இறக்கியிருக்கான். தலையை மட்டும் வெளியே விட்டு வச்சிருக்கான். கை தெரிஞ்சவன் வேலை. கதவைப் பிடிச்சுட்டு நின்னது இந்த மூணுதான். அந்தப் பக்கத்து ரெண்டும் சும்மா பேருக்கு."

யார் அடித்தது என்று கேட்டார். உனக்கும் எனக்கும் தெரியாதா, ஆணியைச் சாய்த்து அடிக்கிறது யார் என்று? நேராக அடித்த ஆணி பிடிப்பு விட்டுவிடும் என்று வீட்டில் ஒரு படம் மாட்டக்கூட விடமாட்டாரே யாரையும்.

கடப்பாறை போட்டுத்தான் எடுக்க முடிந்தது. மூன்றாவது ஆணி வரும்போது நிலைச்சட்டமே பிளந்தது.

அந்தச் சட்டைகளுக்கு அடியில் இவ்வளவு காலமும் அது இருந்திருக்கிறது. தினமும் தூசி தட்டியிருக்கிறேன். சட்டையைத் தூக்கி ஒருமுறை பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

அவரா அடித்தார்? உனக்குத் தெரியுமா? தெரிந்தால் ஏன் சொல்லவில்லை?

அண்ணி

*

மார்ச் 14

அண்ணிக்கு,

தெரியும்.

நீங்கள் மருந்துக்குப் போன பிறகு டொக் டொக் என்று சத்தம். நான் சின்னதுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். ஓடிவந்து கதவைத் தள்ளினேன், முதல் ஆணி இன்னும் சட்டத்தில் இறங்கவில்லை போல, பாதி திறந்து திரும்பவும் சாத்திக்கொண்டது. அந்தப் பக்கம் சாய்ந்து நின்று தள்ளியிருக்கிறார். "அண்ணே, என்ன பண்றே?" என்று கேட்டேன். "கத்தாதே. உன் பொண்ணு காலையில ரெண்டு தடவை என் பாய்க்கிட்ட வந்துட்டுப் போச்சு. நான் தூங்கிட்டிருந்தேன், கண்ணைத் திறந்தா என் மூஞ்சிக்கு நேரா நிக்குது" என்றார். மூச்சு வாங்கி வாங்கித்தான் சொன்னார். ஒரு ஆணி அடிப்பார், உட்காருவார். இன்னொன்று அடிப்பார், உட்காருவார். நான் அழுதேன். திற என்று சண்டை போட்டேன். காற்று வராதே என்றேன். "எனக்கு லிப்டுக்குள்ள இருந்து பழக்கம்" என்றார்.

மூன்றாவது ஆணி அடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "பட்டாசு, அந்தப் பக்கம் நீயும் ரெண்டு ஆணி அடி." எதுக்கு என்றேன். "உன் அண்ணி வந்து கேட்டா நீ அடிச்சேன்னு சொல்லு. நான் அடிச்சேன்னு தெரிஞ்சா பிடுங்கிப் போட்டுட்டுத்தான் மறு வேலை பார்ப்பா. அதோட என்னைத் திட்டுவா, திட்டு வாங்கத் தெம்பில்ல. உனக்குத்தான் வாய் இருக்கே, நீ சமாளி. நான் நல்லாயிட்டு நானே சொல்லிடறேன்." சிரித்தார் அண்ணி. சிரித்து இருமினார். சட்டையை மாட்டி ஆணியை மறைக்கிறேன் என்று சொன்னதும் அப்போதுதான். "யாருக்கும் தெரியாது பார்" என்றார், சின்ன வயதில் எதையாவது ஒளித்துவைத்துவிட்டுச் சொல்வது மாதிரி.

நான் அடித்தேன். எனக்கு அடிக்கத் தெரியாது, இரண்டும் வளைந்தது.

நல்லாகி அவரே சொல்வார் என்று இருந்தேன். நீங்கள் திறடி என்று கத்தினபோது கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து வாயில் துணியை வைத்துக்கொண்டேன். அவரைக் கீழே தூக்கிக்கொண்டு போன அன்றும் அந்த இடத்தில்தான் இருந்தேன். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? செத்தவன் வந்து ஆமாம் என்று சாட்சி சொல்வானா? நீங்கள் நம்பமாட்டீர்கள், தன் மேல் இருப்பதை அண்ணன் மேல் தள்ளுகிறாள் என்பீர்கள். நம்பினால் அது இன்னும் மோசம். நீங்கள் அவரைக் கோபித்துக்கொள்வீர்கள். போனவரைக் கோபித்துக்கொண்டு ஒருத்தி எப்படி இருக்க முடியும்? என்னைக் கோபித்துக்கொள்ளலாம். நான் இருக்கிறேன் இல்லையா.

அவன் என் அண்ணன், அண்ணி. அவன் கடைசியாக என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார் என்று எழுதியிருந்தீர்கள். ஆணி பிடிக்குதா என்று பார்த்திருப்பார். அவரைத் தெரியாதா? லிப்டைச் சரி பண்ணிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்ப் பார்ப்பவர்.

அந்த அறையை விட்டு ஓடினது உண்மைதான். அந்தச் சுவருக்குப் பின்னால் நீங்கள் இருமுவது கேட்டது. கதவைத் திறக்கவும் முடியாது, சொல்லவும் முடியாது.

நாங்கள் இந்த வாரம் காலி பண்ணுகிறோம். இவருடைய சிநேகிதர் வீட்டு மொட்டைமாடியில் கொஞ்சநாள் இருந்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்.

பட்டாசு

*

மார்ச் 22

பட்டாசுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். ஐந்தாம் மாடியில் சிமெண்டுக் கறையைச் சுரண்டினேன். சுரண்டிக்கொண்டே அவரைத் திட்டினேன். வாயில் வந்ததெல்லாம் திட்டினேன். பெயின்ட் அடிக்கிறவன் திரும்பிப் பார்த்தான், "யாரைம்மா?" என்றான். "என் வீட்டுக்காரரை" என்றேன். "நல்லா திட்டுங்க, என் பொண்டாட்டியும் இப்படித்தான்" என்றான். அவர் உயிரோடு இருக்கிறார் என்று நினைத்துவிட்டான். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

நீ நினைத்தது சரிதான். உன் மேல் கோபப்படுவது சுலபமாக இருந்தது. அவர் மேல் கோபப்பட்டால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. என் காற்றையும் அல்லவா சேர்த்து அடைத்தார், என்னை ஒரு வார்த்தை கேட்காமல். கேட்டிருந்தால் நானே சுத்தியலை எடுத்துக் கொடுத்திருப்பேனோ என்னவோ. அந்தக் குழந்தைக்காகக் கொடுத்திருப்பேன். அது எனக்குத் தெரியாமலே போய்விட்டது. அதுதான் பொறுக்கவில்லை.

உன் மேலும் கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். வளைந்த ஆணியாக இருந்தாலும் இரண்டு ஆணி. இருமலைக் கேட்டுக்கொண்டே போனவள் நீ. அது ஒரு பக்கம் கிடக்கட்டும். எனக்குச் சண்டை போடவும் தெம்பில்லை, சமாதானம் பேசவும் தெம்பில்லை. மொட்டைமாடியில் குழந்தையை வைத்துக்கொண்டு இருக்காதே, வெயில் ஆரம்பித்துவிட்டது.

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். "கூட ஒரு குடும்பம் வருது" என்றேன். "யாரு?" என்றார். "ஏற்கெனவே இருந்தவங்கதான்" என்றேன். "அன்னைக்கு அவ்வளவு சத்தம் போட்டீங்க?" என்றார். "அது வீட்டுக்குள்ள" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

தச்சர் கதவை எடுத்துப் போய்விட்டார். நிலைச்சட்டம் பிளந்த இடத்தில் ஒரு பலகை வைத்து அடைத்திருக்கிறார். வேறு கதவு போடட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். காற்று வருகிறது. அது பாட்டுக்கு வருகிறது, அடுப்பை அணைக்கிறது, காலண்டரைப் புரட்டுகிறது. முதல் நாள் எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. போய் ஜன்னலைச் சாத்தினேன். கொஞ்சநேரம் கழித்துத் திறந்தேன்.

சட்டை மாட்ட இடம் இல்லை. இரண்டு நீலச் சட்டையையும் துவைத்துவிட்டேன். உன் வீட்டுக்காரருக்குச் சரியாக இருக்கும், வயிறு மட்டும் இழுத்துப் பிடிக்கும். வெள்ளையை நான் வைத்துக்கொள்கிறேன்.

உன் கட்டிலைக் குழாய் இருக்கிற பக்கம் தள்ளிவிட்டேன். நீங்கள் மூன்று பேரும் அங்கே படுங்கள். ஜன்னல் பக்கம் எனக்கு வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன், குழந்தை அழுதாலும் சரி. குழந்தை என்கூட வந்து படுத்துக்கொள்ளட்டும், அது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன். உன் வீட்டுக்காரரை மாடி ஏறி வரச் சொல். நீ வந்ததும் பேச்சை ஆரம்பித்துவிடாதே, கொஞ்சநேரம் சும்மா இரு.

செருமவேண்டும் என்றால் செருமிக்கொள். வேறு என்ன செய்ய முடியும், அவர் தொண்டைதானே உனக்கும்.

அண்ணி